‘இன்னும் அரை மணி நேரம்’ என்று தினமும் சொல்லும் அப்பாவுக்கு

உங்கள் கேள்வியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் காஜாங்கில் வீடு, பங்சார் சவுத்தில் அலுவலகம், புரோகிராமர் வேலை, நியூயார்க்கில் வாடிக்கையாளர். மனைவி தனியார் மருத்துவமனையில் தாதி, ஷிஃப்ட் வேலை. மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, பள்ளி முடிந்ததும் டிரான்சிட்டுக்கு (பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு) போகிறாள். மூன்று வயது மகன் தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தில். மாலை ஆறரைக்குள் இருவரையும் எடுத்தாக வேண்டும். சரியாகக் கிளம்பும் நேரத்தில் பில்ட் உடைகிறது (எழுதிய நிரல் மென்பொருளாக உருவாகாமல் நின்றுபோகிறது), அல்லது யாராவது ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்று கூப்பிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் லேப்டாப், பத்து மணிக்கு மீட்டிங். ‘நீங்க வீட்டில இருந்தும் இல்லாத மாதிரிதான்’ என்று மனைவி சொல்லிவிட்டார். இதற்கு ஏதாவது நேர அட்டவணை இருக்கிறதா, இல்லை இந்தத் துறையையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதோடு போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: ‘நான் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் ஆறு மணிக்கே முடித்திருப்பேனோ?’ நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். குறை உங்களிடமா, வேலையின் இயல்பிலா, கம்பெனியின் ஏற்பாட்டிலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் பிரிக்காமல் அட்டவணை போட்டால் அது ஒரு வாரம் கூடத் தாங்காது.

நான் சைபர்ஜெயாவில் புரோகிராமராகத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே தொழிலில் இருப்பவள். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அணியை நடத்துகிறேன். பிள்ளைகள் இருவரும் இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். விடுப்பு கேட்பவளாகவும் இருந்திருக்கிறேன், விடுப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவளாகவும் இருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை, குடும்ப ஆலோசகரும் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தை நான் படிக்கவில்லை, உங்கள் மனைவியின் பக்கத்தைக் கேட்கவுமில்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

முதலில் வேலையின் இயல்பு. ஒரு பக்கை, அதாவது மென்பொருளில் உள்ள பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வியே. ‘அரை மணி’ என்று சொல்வது அந்த நேரத்தில் நமக்கிருக்கும் நம்பிக்கை, அவ்வளவுதான். இது புரோகிராமர்களுக்கு மட்டும் உள்ள பலவீனமும் இல்லை. கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு, 1994-இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரியாக அவர்கள் சொன்னது ஏறக்குறைய 34 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கே பத்தவில்லை. ஆகவே ஆறு மணிக்கு முடிக்க முடியாமல் போவதற்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. என் அணியில் இருக்கும் மிகத் திறமையான பையனும் இதில் தவறுகிறான். அவனுக்குக் கடினமான பக்குகள் போகின்றன என்பதால் மற்றவர்களைவிட அதிகமாகவே தவறுகிறான்.

இங்கேதான் உங்கள் கையில் இருக்கும் ஒரு மாற்றம் வருகிறது. வீட்டுக்கு ‘எப்போது முடியும்’ என்று சொல்வதை விட்டுவிடுங்கள், ‘எப்போது நிறுத்துவேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். முடியும் நேரம் பக்கின் கையில் இருக்கிறது, நிறுத்தும் நேரம் உங்கள் கையில். ஐந்தேகாலுக்கு நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டால், பக் எந்த நிலையில் இருந்தாலும் ஐந்தேகாலுக்கு எழுந்துவிட வேண்டும். அணியில் பலரையும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: தினமும் எட்டு மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லி எட்டு மணிக்கு வருகிறவர் வீட்டில் சண்டை குறைவு. ஆறரைக்கு வருவதாகச் சொல்லி ஒரு நாள் ஆறரைக்கும், மறுநாள் ஏழேகாலுக்கும், அதற்கடுத்த நாள் ஒன்பதுக்கும் வருகிறவர் வீட்டில்தான் சோறு ஆறுகிறது, பேச்சும் நின்றுபோகிறது. நேரம் குறைவு என்பதைக் குடும்பம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். எந்த நேரத்தையும் நம்ப முடியவில்லை என்றால் எதையும் திட்டமிட முடியாது. உங்கள் மனைவியோ ஷிஃப்ட் நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வார்டில் இன்னொரு தாதி வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கும் தொழிலில் இருப்பவர். உங்கள் ‘அரை மணி’ அவர் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாதியில் எழுந்தால் மண்டைக்குள் அதுவே ஓடுமே என்பீர்கள். ஓடும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் ஸோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். உங்கள் மனைவி சொன்ன ‘இருந்தும் இல்லாத’ நிலை அதுதான். மகள் பள்ளிக்கதை சொல்லும்போது நீங்கள் லாக் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அவளுக்கும் அது தெரிகிறது. இதற்கு நான் அணியில் எல்லாரையும் செய்யச் சொல்வது, நிறுத்துவதற்கு முந்தைய பதினைந்து நிமிடத்தில் எதையும் புதிதாகத் தொடாமல் எழுதி வைப்பது. என்ன சோதித்தேன், எது இல்லை என்று தெரிந்துவிட்டது, எதன் மேல் சந்தேகம், நாளைக் காலை முதலில் ஓட்ட வேண்டிய கட்டளை எது. அரைகுறையாக எழுதிய நிரலையும் உங்கள் பிராஞ்சில் கமிட் செய்துவிடுங்கள் (உங்கள் தனிப் பிரதியில் பதிந்துவிடுங்கள்). தோற்கும் ஒரு டெஸ்டை வேண்டுமென்றே விட்டுவைப்பது இன்னும் நல்லது, காலையில் எங்கே கைவைப்பது என்று அதுவே காட்டும். எழுதி வைத்தால் மனம் முழுவதும் விட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். ‘மறந்துவிடுவோமோ’ என்ற பயம் போய்விடுகிறது, அதுவே பெரிய வித்தியாசம்.

இதே பேச்சில், ஒருமுறை இடையூறு வந்தால் மறுபடி கவனம் திரும்ப 23 நிமிடம் ஆகும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் வாதாட வேண்டாம். அலுவலகப் பணியாளர்களைக் கவனித்து வந்த சராசரி அது, உங்கள் மகன் கதவைத் தட்டுவதற்குப் பொருத்த முடியாது. அந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்த குளோரியா மார்க் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பயனுள்ளதாகப் படுகிறது. இடையூறு பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள், ஆனால் அதிக மன அழுத்தத்தோடும் எரிச்சலோடும் முடித்தார்கள். அதாவது வேலை நடந்துவிடுகிறது, அதன் விலையை மாலையில் வீட்டிலிருப்பவர்கள் கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் இது மோசமாகும். மற்ற நாட்களில் எல்ஆர்டி ஏறி, பசார் செனியில் எம்ஆர்டி மாறி காஜாங் போய்ச் சேரும்வரை மனம் ஆறுவதற்கு ஒரு நேரம் கிடைக்கிறது. அந்த ரயிலில் அலுவலகச் செய்திகள் வரும் ஸ்லாக்கைத் திறக்காதீர்கள். வீட்டில் வேலை செய்யும் நாளில் அந்தப் பயணம் இல்லை, ஆகவே லேப்டாப்பை மூடியதும் தாமானை (குடியிருப்புப் பகுதியை) ஒரு சுற்று நடந்துவிட்டு அப்புறம் பிள்ளைகளை எடுக்கப் போங்கள்.

இனி இரவு மீட்டிங். உங்கள் பிரச்சினையின் கனமான பகுதி இதுதான், இது உங்கள் பழக்கத்தால் வந்ததே இல்லை. நியூயார்க் கோடையில் நமக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால். அவர்களின் காலை 10 மணி ஸ்டாண்ட்-அப் (தினசரி நிலவரக் கூட்டம்), மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறுவரை நமக்கு இரவு 10 மணி, மற்ற மாதங்களில் இரவு 11 மணி. அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை, கடிகாரம் மட்டும் மாறுகிறது, உங்கள் வீட்டில் ஒரு மணி நேரத் தூக்கம் போய்விடுகிறது. மறுமுனையில் தமிழ்ப்பள்ளி ஏழரைக்கெல்லாம் தொடங்கிவிடும். கோலாலம்பூரில் சூரியன் உதிப்பதே பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள், அதிலிருந்து நம் பிள்ளைகள் இருட்டில்தான் பை மாட்டுகிறார்கள். ஐந்தரைக்கு எழுந்து மகளைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து அனுப்புகிற நீங்கள், இரவு 11 மணி மீட்டிங்கில் உட்காரும்போது பதினேழரை மணி நேரமாக விழித்திருக்கிறீர்கள். 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்களின் வேகமும் துல்லியமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவர்களின் நிலைக்கோ அதற்கும் கீழேயோ போய்விடுகின்றன என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020-இல் மலேசியா தன் சாலைச் சட்டத்தில் வைத்த வரம்பும் அதேதான், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். அந்த ஆய்வு கோட் எழுதுவதைச் சோதிக்கவில்லை, ஆகவே இனி சொல்வது என் முடிவு: அந்த நேரத்தில் பேசலாம், கேட்கலாம், வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் எதையும் தொடக் கூடாது. மனைவியோடு பண விஷயம் பேசுவதற்கும் அது நேரம் இல்லை.

இதை எப்படி மாற்றுவது? ‘எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று மேனேஜரிடம் சொன்னால் அவர் அனுதாபப்படுவார், மீட்டிங் அப்படியே இருக்கும். மாற்று ஏற்பாட்டோடு போங்கள். ஐந்து நாளில் இரண்டு நாள் மட்டும் நேரில் கலந்துகொள்வது, மற்ற நாட்களில் மாலையிலேயே எழுத்தில் நிலவரம் அனுப்புவது. அல்லது மீட்டிங்கை அவர்களின் காலை 8 மணிக்கு நகர்த்துவது, அது நமக்கு இரவு 8 அல்லது 9. அல்லது ஒரு வாரம் நாம் இரவில், மறுவாரம் அவர்கள் தங்கள் மாலையில், அதாவது நமக்குக் காலையில். இரவு மீட்டிங் உள்ள நாளுக்கு மறுநாள் பத்தரைக்கு அலுவலகம் வருவேன் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அதுவே மிக எளிதாகக் கிடைக்கும். அமெரிக்கர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கே பலருக்கு நமக்கு அப்போது மணி என்ன என்பதே தெரியாது, நாம் சொன்னதில்லை.

ஆன்-கால் (இரவிலும் அலாரம் வந்தால் எழுந்து சரிசெய்யும் முறை) பற்றி நீங்கள் குறைவாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் முறை வைத்து மாறுகிறோம் என்று மட்டும் சொன்னீர்கள். மூன்று பேர் என்றால் மூன்று வாரத்தில் ஒரு வாரம் நீங்கள் கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறீர்கள். ஒரே இடத்திலிருந்து இயங்கும் அணிக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும், ஒரு 12 மணி நேர முறையில் 2 சம்பவத்துக்கு மேல் வரக் கூடாது என்பது கூகுள் வெளியிட்டிருக்கும் வழிமுறை. நம் ஊர்க் கம்பெனிகளில் 8 பேர் கிடைப்பது கடினம். ஆனாலும் மூன்று பேர் என்பது ஆள் பற்றாக்குறை, அதை உங்கள் பொறுப்புணர்வால் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எழுப்பிய ஒவ்வொரு அலாரத்தையும் ஒரு மாதத்துக்கு எழுதி வைத்து, அதில் எத்தனைக்கு உண்மையிலேயே எழ வேண்டியிருந்தது என்று மேனேஜரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் காலைவரை காத்திருக்கக் கூடியவையாக இருக்கும், அவற்றைப் பகல் நேர அறிவிப்பாக மாற்றச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை டிப்ளாய் (புதிய பதிப்பை வெளியிடுவது) வேண்டாம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும் நாள் அது, மூன்று மணிக்குத்தான் எல்லாரும் மறுபடி இருக்கைக்கு வருகிறார்கள். அதன்பின் ஏதாவது உடைந்தால் சனிக்கிழமை உங்கள் பிள்ளைகளுடையது இல்லாமல் போகும்.

இதில் நம் நாட்டில் நன்றாக நடக்கும் ஒன்று உண்டு, மற்ற இடங்களில் இவ்வளவு இயல்பாக நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மலாய், சீன நண்பர்கள் ஆன்-காலை எடுத்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாம் எடுத்துக்கொள்வோம். யாரும் கடிதம் எழுதுவதில்லை, மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போதே முடிந்துவிடும். பண்டிகைக்குச் செய்யும் இந்த மாற்றத்தைப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும், மகளின் திருக்குறள் போட்டிக்கும் கேட்க நமக்கு ஏனோ கூச்சம். கேளுங்கள். ஒரு மாதம் முன்பே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955 வேலைச் சட்டத் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. வாரத்துக்கு அதிகபட்சம் 48 மணி நேரம் என்று இருந்தது 45 ஆனது. திருமணமான ஆண்களுக்கு மனைவியின் பிரசவத்துக்கு 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு வந்தது. சட்டம் இப்போது எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் பொருந்தும், ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓவர்டைம் ஊதியப் பிரிவு பொருந்தாது. நீங்கள் அந்த வரம்பைத் தாண்டியவர் என்றே நினைக்கிறேன், ஆகவே இரவு மீட்டிங்குக்குப் பணம் கேட்க ஒப்பந்தத்தில்தான் இடம் தேட வேண்டும். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் உண்டு, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது, நம் 1955 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நமக்குப் பயன்படக் கூடியது 60பி (60P), 60கியூ (60Q) பிரிவுகள். வேலை நேரத்தையோ, நாட்களையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது இதன் பெரிய குறை. ஆனாலும் வாய்ப்பேச்சில் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுபவர் காகிதத்தில் காரணம் எழுத வேண்டி வரும்போது கொஞ்சம் யோசிப்பார். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பக்கத்தில் இருந்து இதைச் சொல்கிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்க முடியாது, அது உங்கள் சொந்த நோய்க்கு மட்டும். பிள்ளையைக் கவனிக்கத் தனி விடுப்பு தனியார் துறைக்குச் சட்டத்தில் இல்லை. ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுச் சேவைக்கு 8 நாள், அப்புறம் 12, ஐந்து ஆண்டு தாண்டினால் 16, அதுவே குறைந்தபட்சம். தாஸ்காவில் கை, கால், வாய் நோய் ஒரு பிள்ளைக்கு வந்தாலே ஒரு வாரம் போய்விடும். அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே இருவர் விடுப்பிலிருந்தும் சில நாட்களைப் பிள்ளைகளின் நோய்க்கு என்று ஒதுக்கி, தொடாமல் வைத்துவிடுங்கள். மனைவியின் ஷிஃப்ட் பட்டியல் வந்ததும் உங்கள் ஆன்-கால் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருக்கு இரவு ஷிஃப்ட் உள்ள வாரத்தில் உங்களுக்கு ஆன்-கால் விழுந்தால், இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது அழுகிற மகனும் உங்களிடம்தான் இருப்பான். அந்த ஒரு மோதலைத் தவிர்ப்பதே மாதத்தில் பாதிச் சச்சரவைத் தீர்க்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனம் நோகாதீர்கள். உங்கள் கேள்வி முழுக்க, பிள்ளைகளை எடுப்பது மட்டும்தான் உங்கள் பங்காக வருகிறது. டிரான்சிட் ஆசிரியருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது, தடுப்பூசித் தேதி, பள்ளிச் சட்டை சிறியதாகிவிட்டதா என்பதெல்லாம் யார் தலையில் இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவற்றில் ஒன்றிரண்டை அவர் கேட்காமலே முழுதாக எடுத்துக்கொண்டால், பத்து மணி மீட்டிங் அவருக்கு இவ்வளவு கசக்காது.

துறையை விடுவதா என்ற கேள்விக்கு, இப்போது வேண்டாம் என்பேன். நீங்கள் சொன்ன தொல்லைகளில் புரோகிராமிங்கிலிருந்து வருவது அந்த நிச்சயமில்லாத நேரக் கணக்கு மட்டும்தான், மிச்சம் இந்த ஒரு வேலையின் ஏற்பாட்டிலிருந்து வருகிறது. உள்ளூர் வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் கம்பெனிக்கு மாறினால் சம்பளம் குறையலாம், இரவு மீட்டிங் அநேகமாகப் போய்விடும். ஆனால் அங்கேயும் நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: ஆன்-காலில் எத்தனை பேர், கடந்த மாதம் இரவில் எத்தனை முறை எழுப்பப்பட்டார்கள், முடிவெடுப்பவர்கள் எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறார்கள். எண்ணாகப் பதில் வரவில்லை என்றால் அங்கே யாரும் கணக்கு வைக்கவில்லை என்று பொருள்.

அதற்கு முன்னால் இப்போதைய இடத்தில் கேட்டுப் பாருங்கள். நியூயார்க் கடிகாரம் நவம்பர் முதல் ஞாயிறு மாறுகிறது, மீட்டிங் 11 மணிக்குப் போய்விடும். ஆகஸ்டு முடிவதற்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், 60 நாள் கெடு அதற்கு முன்பே முடிந்து பதில் உங்கள் கையில் இருக்கும். கடிதத்தில் குடும்பக் கஷ்டத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம், எந்த நாள், எந்த நேரம், யார் ஈடுகட்டுவார் என்பதை மட்டும் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் மனைவியிடம் ஒருமுறை காட்டுங்கள், ஷிஃப்ட் பட்டியலில் எந்த நாட்கள் தனக்கு முடியாது என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.